சொல்லுக்கு இன்சூரன்ஸ்

அந்தப் பையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் சார். மேலே சாய்ந்தால் நசுங்கிப் போகும். உள்ளே மாலை இருக்கிறது.

உட்காருங்கள். சங்கரன்கோவில் பஸ்தானே? இப்போதைக்கு வராது. எதிரே பந்தல் போட்டு ரோட்டில் பாதியை அடைத்திருக்கிறார்களே, பார்க்கவில்லையா? பிணத்தை எடுத்த பிறகுதான் வண்டி இந்தப் பக்கம் திரும்பும். அதுவரை பைபாஸ் வழியாகத்தான் போகிறது. அங்கே நடந்து போகலாம் என்றால் இந்த வெயிலில் ஆளே சுருண்டுவிடும். மாரிக்கனி, சாருக்கு ஒரு டீ போடு. எனக்கு வேண்டாம்.

யார் என்றா கேட்கிறீர்கள்? என் தம்பி. கூடப் பிறந்தவன். வேலாயுதம் என்று பேர்.

அப்படிப் பார்க்காதீர்கள். காலையிலிருந்து இந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தெருவில் போகிற வருகிறவன் எல்லாம் அப்படித்தான் பார்த்துவிட்டுப் போகிறான். இந்த மாரிக்கனிகூட, "மேஸ்திரி, மாலை வாடுது. ஒண்ணு நீங்க போங்க, இல்ல மாலையவாது அனுப்புங்க" என்று நக்கல் பண்ணிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு என்ன, டீ ஆற்றுகிற வேலை. அவனுடைய சொல்லை நம்பி யாரும் எதற்குக் கீழேயும் போய் நிற்பதில்லை.

பந்தலுக்கு முன்னால் நாற்காலி வரிசை தெரிகிறதா? முதல் நாற்காலியில் தோளில் துண்டோடு இருக்கிறானே, அவன் வேலுவின் மகன் இசக்கிராஜ். பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது, பாருங்கள். அது நான் உட்கார வேண்டிய இடம். எங்கள் பக்கத்தில் கேதத்துக்கு வருகிறவர்கள் வாயைத் திறந்து ஒன்றும் கேட்க மாட்டார்கள். செத்த வீட்டு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவன் குனிந்து இரண்டு கையையும் நீட்டுவான், இவர்கள் தொடுவார்கள். அவ்வளவுதான். அதோடு ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளலாம். அண்ணன் என்றால் அந்த வரிசையில் இருக்க வேண்டும். அதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

காலையில் அந்தப் பையன் இங்கே வந்தான். "பெரியப்பா, வாங்க" என்றான். நான் பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டேன். நின்றான், போய்விட்டான். இன்னொரு தடவை கூப்பிட்டால் என்ன சார்? வாய் வலித்துவிடுமா? அப்பனைப்போலவேதான். சொல்லக்கூடாத இடத்தில் சொல்லுவான், சொல்ல வேண்டிய இடத்தில் விட்டுவிடுவான்.

நான் ஏன் போகவில்லை என்று சொல்கிறேன், கேட்டுவிட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். நீங்கள் பொதுவான ஆள். இந்த ஊர்க்காரன் இல்லை.

எனக்குப் பேர் குருவையா. அஞ்சாம் கிளாஸ் தாண்டவில்லை. மில் ஒர்க்ஷாப்பில் பிட்டருக்குக் கையாளாகச் சேர்ந்து, நானே பிட்டர் ஆகி, மேஸ்திரி ஆனவன். என் சம்பளத்தில்தான் வேலு டிப்ளமா படித்தான். படித்து, பரீட்சை எழுதி, சர்க்காரில் லைசென்ஸ் வாங்கினான். என்ன லைசென்ஸ் என்றால், மில்லில், பட்டறையில் பாரம் தூக்குகிற சாமான் இருக்கிறதல்லவா, செயின் பிளாக், கொக்கி, கூரைக்குக் கீழே இரும்புக் கர்டரில் ஓடுகிற டிராலி, இதையெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை சோதித்து, 'பாரம் தூக்கலாம், பயமில்லை' என்று எழுதிக் கொடுக்கிற லைசென்ஸ். அந்தக் காகிதம் இல்லாமல் மில் நடத்த முடியாது.

இரண்டு பேரும் சேர்ந்து ஆபீஸ் போட்டோம். 'குருவேல் டெஸ்டிங்' என்று போர்டு. என் பேர்தான் முன்னால். அதை வேலுதான் அப்படி எழுதச் சொன்னான், இல்லை என்று சொல்லவில்லை. முதலில் இரண்டு பேருமாகப் போவோம். வேலை கூடக்கூட அவன் ஆபீஸிலேயே இருக்க வேண்டியதாகிவிட்டது. நான் போய்ப் பார்ப்பேன். வந்து சொல்லுவேன். அவன் கையெழுத்துப் போடுவான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் நடராஜமணி என்று ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்டு வந்தான். நாங்கள் வண்டிக்குப் போட்டிருக்கிறோம், உயிருக்குப் போட்டிருக்கிறோம், போதும் என்றேன். அது வேற, இது வேற அண்ணாச்சி என்றான். எங்களை மாதிரிச் சின்ன கம்பெனிகளுக்கென்றே வந்திருக்கிறதாம். ஆடிட்டருக்கு, டாக்டருக்கு, வீட்டுப் பிளான் போடுகிற எஞ்சினீயருக்கு, எங்களை மாதிரி சோதித்துச் சொல்கிறவர்களுக்கு. அவன் சொன்னதை மறக்கவே மாட்டேன்.

"நீங்க ஒரு சாமானைப் பாத்து நல்லாருக்குன்னு சொல்றீங்க. நாளைக்கு அது நல்லா இல்லாமப் போயிட்டா? பாதிக்கப்பட்டவன் உங்க மேலதான கேஸ் போடுவான்? வக்கீல் செலவு, நஷ்டஈடு எல்லாம் கம்பெனி பாத்துக்கும். இது வண்டிக்கு இல்ல, ஆளுக்கு இல்ல அண்ணாச்சி. உங்க சொல்லுக்கு இன்சூரன்ஸ்."

வேலுவுக்கு அது பிடிக்கவில்லை. சொல்லைச் சரியாகச் சொன்னால் போதாதா, அதற்கு எதற்கு இன்சூரன்ஸ் என்றான். படித்த பிள்ளை பேசுகிற பேச்சா இது? ஒரு பெரிய ஸ்பின்னிங் மில்லில் அந்தப் பாலிசி இருந்தால்தான் வருஷ வேலை தருவோம் என்று சொல்லியிருந்தார்கள். நான்தான் அவனை உட்காரவைத்துச் சொல்லிக் கையெழுத்துப் போடவைத்தேன். நானும் போட்டேன்.

ஏஜெண்டு நியாயமான ஆள். எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டான். ஏதாவது நடந்துவிட்டால் முதல் போன் எனக்குத்தான் என்றான். அந்த இடத்துக்குப் போகக்கூடாது. யாரிடமும் பேசக்கூடாது. முக்கியமாக, தப்பு எங்கள்மேல் என்று சொல்லவே கூடாது. கம்பெனியைக் கேட்காமல் அப்படி ஒரு வார்த்தை வெளியே வந்துவிட்டால் பாலிசி செல்லாது. போகக்கூடாது, பேசக்கூடாது, சொல்லக்கூடாது. மூன்றே மூன்று. சின்னப் பிள்ளைகூட மனப்பாடம் பண்ணிவிடும்.

வேலு கேட்டான், "ஆளு செத்துட்டா?"

அப்பவும்தான் என்றான் நடராஜமணி.

"கேதத்துக்கு எப்படிப் போகாம இருக்கிறது?"

"கேதத்துக்கு எல்லாம் கம்பெனி போய்க்கிடும்டா" என்றேன் நான். ஏஜெண்டு சிரித்துவிட்டான். வேலு மட்டும் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

பாலிசி வந்த பிறகு எனக்கு நல்ல தூக்கம் வந்தது சார். உண்மையைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் படுத்தால் ஏதாவது ஒரு மில்லின் கொக்கி கண்ணுக்குள் ஆடிக்கொண்டே இருக்கும். பாலிசி வந்த பிறகு அது போய்விட்டது. வேலுவுக்கு நேர் எதிர். முன்னைவிட அதிகமாக நோண்டி நோண்டிக் கேட்க ஆரம்பித்தான். நான் வேலை முடிந்து வந்து உட்காரவில்லை, அதற்குள், அதைப் பாத்தியளா, இதைத் தட்டிப் பாத்தியளா என்பான். அதான் பாலிசி இருக்கேடா என்பேன்.

டீ குடியுங்கள், ஆறிவிடும்.

ஆவுடையப்பன் என்று ஒருவர் சைசிங் மில் வைத்திருந்தார். சைசிங் என்றால், தறிக்குப் போகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, காயவைத்து, பெரிய இரும்பு உருளையில் சுற்றுகிற வேலை. பீம் என்பார்கள். ஒரு பீமை நாலைந்து பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. செயின் பிளாக்கில்தான் தூக்கி வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனையோ பீம் ஏறும், இறங்கும்.

அங்கே ஒரு விஷயம் இருக்கிறது. கஞ்சி கொதிக்கிற ஆவி மேலே போய்க் கூரைக்குக் கீழே நிற்கும். கீழே பார்த்தால் சங்கிலி, கொக்கி எல்லாம் எண்ணெய் பூசிப் பளபளவென்று இருக்கும். மேலே கர்டரில் டிராலியைத் தாங்குகிற இரும்புப் பின் துருப்பிடித்துப் போயிருக்கும். மற்ற மில்லில் இப்படி இருக்காது. சைசிங் மில்லில்தான் இருக்கும். எஞ்சினீயர்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இந்த ஜில்லாவில் என்னளவுக்கு அதைத் தெரிந்தவன் கிடையாது.

அந்த வருஷம் ஆடியில் ஆவுடையப்பன் மில்லுக்குப் போனேன். நல்ல ஓட்டத்தில் இருந்தது. நிறுத்தினால் கஞ்சி இறுகிவிடும், பாவு கெட்டுவிடும் மேஸ்திரி, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்றார் ஆவுடையப்பன். நல்ல மரியாதை தெரிந்த மனுஷர். அவருடைய மேஜையிலேயே உட்காரவைத்து, கடையிலிருந்து புரோட்டாவும் சால்னாவும் வாங்கிவரச் சொன்னார். அங்கே கடற்கரை என்று ஒரு ஆள் வேலை பார்த்தான். நான் போகும்போதெல்லாம் அவன்தான் ஏணி பிடிப்பான். பிடிக்கிற பிடி ஆடாது, அசையாது. நல்ல ஆள். அன்றைக்கும் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டு இருக்கிறேன், வந்து நிற்கிறான். "ஏணி எடுத்துட்டு வரட்டுமா மேஸ்திரி?" என்றான். எதுக்குடா, போய் உன் வேலையைப் பார் என்றேன். அவனுக்கும் வேலை கிடந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எதற்கு ஒருத்தனை இழுத்துவைப்பது?

பார்த்தேன் சார். பார்க்காமல் வரவில்லை. கீழே நின்று நன்றாக அண்ணாந்து பார்த்தேன். கொக்கியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். பழகின கண். ஆபீஸுக்கு வந்ததும் வேலு, "ஏறிப் பாத்தியளாண்ணே?" என்றான். பார்த்தேன் என்றேன். பார்த்தது பார்த்ததுதானே. அவன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் போட்டான்.

தை பிறந்து கொஞ்ச நாள். பாரத்தோடு டிராலி அப்படியே விழுந்துவிட்டது. கீழே கடற்கரை நின்றிருந்தான்.

பாரத்தைக் கூடுதலாக ஏற்றியிருப்பார்கள். ஆவுடையப்பனுக்கு ஆசை அதிகம், ஒரு பீமில் ஒன்றரைப் பீம் நூலைச் சுற்றுகிற ஆள். யாரும் அதை விசாரிக்கவில்லை.

எங்களுக்குச் செய்தி வந்தபோது நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? நடராஜமணிக்குப் போன் போட்டேன். பதறவில்லை. சொன்னபடி செய்தேன். அவனே அசந்துபோய்விட்டான், இவ்வளவு கரெக்டா யாரும் செய்ய மாட்டாங்க அண்ணாச்சி என்றான். இரண்டு பேரும் வீட்டை விட்டு நகர வேண்டாம், வக்கீல் வருவார், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்றான். நான் போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், வேலு சட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறான்.

எங்கடா என்றேன். அவன் பொத்தான் போட்டுக்கொண்டே வெளியே கிளம்பினான். வாசலில் போய் மறித்துக்கொண்டு நின்றேன். போகக்கூடாது, பேசக்கூடாது, சொல்லக்கூடாது, மறந்துபோச்சா என்றேன். அப்போது அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அண்ணே, நெசமாவே ஏறினியளா?"

அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா சார் அது? ஒரு உயிர் போயிருக்கிறது. கம்பெனி நடுத்தெருவில் நிற்கப்போகிறது. அண்ணனை நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை பண்ணுகிறான். நான் வாயைத் திறக்கவில்லை. பேசக்கூடாது என்றுதானே சொல்லியிருக்கிறான் ஏஜெண்டு. அவன் என்னைத் தள்ளவில்லை, ஒன்றும் செய்யவில்லை. ஓரமாக ஒதுங்கிப் போய்விட்டான்.

அங்கே நடந்ததைப் போனவர்கள் வந்து சொன்னார்கள். கடற்கரை வீட்டில் கேதம் கூடியிருக்கிறது. மில் ஆட்கள் எல்லாம் நிற்கிறார்கள். ஆவுடையப்பன்கூட உள்ளே வராமல் காரிலேயே இருந்திருக்கிறார். ஒரு ஏட்டும் இருந்திருக்கிறார். இவன் போனான். வரிசையில் கையை நீட்டினான், தொட்டான். அதோடு வந்திருந்தால் ஒன்றும் இல்லை. எந்தக் கம்பெனிக்காரன் வந்து கேட்கப்போகிறான்? கேதத்தில் பேச்சே கிடையாதே. இவன் அதோடு நிற்கவில்லை. கடற்கரை பெண்சாதி சண்முகத்தாய் இருக்கிற இடத்துக்குப் போய், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறான்.

"தப்பு எங்க மேலதான் தாயி. நான் சரியாப் பாக்கல. பாத்திருந்தா இது நடந்திருக்காது."

நான் என்றான் சார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பார்த்தது அவனா? அவன் அந்த மில் வாசலை மிதித்தே வருஷக்கணக்காகியிருந்தது. கையெழுத்து மட்டும்தான் அவனுடையது. செத்த வீட்டில் நின்றுகொண்டு, தாலி இழந்தவளிடம் போய் ஒருத்தன் பொய் சொல்லலாமா? ஸ்டேஷனில் போய் அதையே எழுதிக் கொடுத்தான். கோர்ட்டில் அதையே சொன்னான். படித்தவன், லைசென்ஸ் வாங்கினவன், சர்க்காரிடமே பொய் சொன்னான். நான் வாழ்க்கையில் அப்படி ஒரு பொய் சொன்னதில்லை.

பாலிசி போய்விட்டது. தப்பை ஒத்துக்கொண்ட பிறகு கம்பெனி எதற்குத் தரும்? பார்க்க வந்த இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் ஒருத்தன் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, கர்டர் மேலே பஞ்சும் தூசியும் விரல் கனத்துக்குக் கலையாமல் கிடக்கிறது, இந்த வருஷம் யாருமே ஏறவில்லை, தப்பை ஒத்துக்கொண்டவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலும் இது தேறியிருக்காது என்று சொன்னானாம். தூசி தினமும் விழுகிற சாமான் சார். அதைவைத்து என்ன சொல்ல முடியும்? நடராஜமணி கடைசியாக வந்தபோது என்னிடம் சொன்னான், உங்க தம்பி வாயால கெட்டுச்சு அண்ணாச்சி என்று. அதைத்தான் நான் நம்புகிறேன். அதற்கப்புறம் அவன் இந்தப் பக்கமே வரவில்லை.

லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். போர்டை இறக்கினோம். அவன் பங்குக்கு இருந்த வீட்டை விற்றான், அந்தப் பணம் கடற்கரை வீட்டுக்குப் போனது ஊருக்கே தெரியும், நான் கேட்கவில்லை. கேஸ் வருஷக்கணக்கில் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் விருதுநகருக்கும் மதுரைக்கும் அலைந்தான். பாதியில் கொஞ்ச நாள் உள்ளேயும் இருந்தான். வெளியே வந்து ஒரு திருமண மண்டபத்தில் ஜெனரேட்டர் பார்க்கிற வேலைக்குப் போனான். டிப்ளமா படித்தவன், பந்தி முடிகிறவரைக்கும் ஜெனரேட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான். அந்தப் புகைதான் நெஞ்சில் போய் அடைத்தது என்கிறார்கள்.

என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. போலீஸ் கூப்பிடவில்லை, கோர்ட் கூப்பிடவில்லை. கம்பெனியில் பாதி என்னுடையது, போர்டில் முதல் பேர் என்னுடையது. ஒரு வார்த்தை, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கவில்லை. அதுவும் ஒரு அவமானம்தானே? ஒன்றுமே தெரியாத கூலி ஆள் மாதிரி என்னை ஓரமாக வைத்துவிட்டான்.

அன்றைக்கு விட்டதுதான் பேச்சு. என் மகள் கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிடவில்லை. மண்டபம் எது தெரியுமா? அவன் வேலை பார்த்த அதே மண்டபம். எனக்கென்ன தெரியும், மாப்பிள்ளை வீட்டார் பிடித்தார்கள். அவன் பின்பக்கம் ஜெனரேட்டர் ஓட்டிக்கொண்டுதான் இருந்தான். நான் அந்தப் பக்கம் போகவில்லை. கரண்டு போனபோது ஒரு நிமிஷத்தில் வெளிச்சம் வந்துவிட்டது, அதைமட்டும் சொல்ல வேண்டும். தாலி கட்டுகிற நேரம் அது.

ம்.

இப்போது உள்ளேயிருந்து சொம்போடு ஒரு பொம்பளை வெளியே வந்தாளே, ஊதா சேலை, அவள்தான் சண்முகத்தாய். கடற்கரை பெண்சாதி. விடியும்போதே வந்துவிட்டாள். வந்ததிலிருந்து தன் வீட்டுக் கேதம் மாதிரி அங்கேயும் இங்கேயும் ஓடுகிறாள். நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இங்கே வந்தாள். செத்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாதல்லவா, வந்தவர்களுக்கு டீ வாங்க ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாரிக்கனி டீ ஊற்றி முடிக்கிறவரைக்கும் இதோ இந்தத் தூண் பக்கத்தில் நின்றாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"மேஸ்திரி, உள்ள வாங்க. எடுத்துட்டா அப்புறம் அந்த மொகத்த எங்க போய்ப் பாப்பீக?" என்றாள்.

எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றேன். அவுகளுக்கு உங்க மேல கோவம் இல்லையே என்றாள். எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். அவனுக்கு எதுக்கும்மா கோவம், கோவப்பட வேண்டியவன் நான்ல என்றேன்.

அவள் கேனைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். சத்தம் போடவில்லை. மாரிக்கனிக்குக்கூடக் கேட்டிருக்காது.

"நீங்க மில்லுக்கு வந்துட்டுப் போனீகள்ல, அந்த ஆடியில. அன்னிக்குச் சாயங்காலமே எங்க வீட்டுக்காரரு வந்து சொன்னாரு. மேஸ்திரி இந்தத் தடவ ஏணி வேண்டாம்னுட்டாரு, எனக்கு ஒரு வேல மிச்சம்னு சிரிச்சாரு."

நான் மாலைப் பையை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துவைத்தேன்.

"ஏட்டையா கேட்டப்ப அது எனக்கு வாய் வரைக்கும் வந்திருச்சு. உங்க தம்பி பக்கத்துல நின்னாரு. சொல்லாதன்னு சொல்லல. என்னையப் பாத்தாரு, அம்புட்டுத்தான். நான் முழுங்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் முழுங்கிக்கிட்டுத்தான் இருக்கேன்."

கேனைத் தூக்கிக்கொண்டாள். போகும்போது திரும்பிச் சொல்லிவிட்டுப் போனாள்.

"வாங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். வந்து அந்தப் பிள்ளை கையத் தொட்டுட்டாவது போங்க."

கேட்டீர்களா சார்? யாருகிட்டயும் சொல்ல மாட்டாளாம். நான் என்னவோ எதையோ ஒளித்துவைத்திருக்கிற மாதிரி. எத்தனை வருஷம், இரண்டு பேரும் இதை உள்ளே வைத்துக்கொண்டு என்னை இந்த ஊரில் நடமாட விட்டிருக்கிறார்கள். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இந்தத் தெருவில் போகும்போதெல்லாம் இவள் என்ன நினைத்திருப்பாள்? அவன் என்ன நினைத்திருப்பான்? ஒருத்தன்மேல் இப்படி ஒன்றைப் போட்டு மூடுவதற்கு முன்னால் அவனைக் கேட்க வேண்டாமா? பாலிசிக்காவது என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். இதற்கு நான் எங்கே கையெழுத்துப் போட்டேன்?

யார் கேட்டது இவர்களை?

இல்லை, குரல் உயரவில்லை. வெயில் அப்படி. மாரிக்கனி, கொஞ்சம் தண்ணீர் கொடு.

சங்கு ஊதுகிறான், கேட்கிறதா? நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்கப் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள், பையனும் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டான். இனிமேல் நேரம் ஆகாது. குளிப்பாட்டி, கோடி போர்த்தி, வாய்க்கரிசி போட்டுவிட்டால் தூக்கிவிடுவார்கள். அந்த முக்கைத் தாண்டிவிட்டால் அப்புறம் பஸ் வந்துவிடும். நீங்கள் ஏறிப் போய்விடலாம்.

போகலாம்தான். யார் தடுக்கிறார்கள்? ரோட்டைத் தாண்டினால் பந்தல். ஒன்றும் பேச வேண்டியதுகூட இல்லை. அந்தப் பையன் கையை நீட்டுவான், நான் தொடுவேன், அவ்வளவுதானே. ஆனால் அவன் கையை இங்கேயிருந்தே பார்க்கிறேன். அப்படியே வேலு கை. அதே மாதிரி நீண்ட விரல், பேனா பிடிக்கிற விரல். நெசமாவே ஏறினியளா என்று கேட்டுவிட்டால் நான் என்ன செய்வேன்? கேட்க மாட்டான். கேட்க மாட்டான் என்று தெரியும். ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பது?

காலும் மரத்துப்போய்விட்டது. காலையிலிருந்து ஒரே இடத்தில்.

சார், ஒரு உதவி. உங்களுக்குத்தான் பஸ் வர நேரமிருக்கிறதே. அந்த மாலையை எடுங்கள். அடியில் பிடியுங்கள், மேலே பிடித்தால் நார் அறுந்துவிடும். ரோட்டைத் தாண்டிப் போய், முதல் நாற்காலியில் இருக்கிற பையனிடம் கையை நீட்டுங்கள். அவன் தொடுவான். உள்ளே போய் மாலையைப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். முகம் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்து வந்து சொல்லுங்கள்.

ஒன்றும் பேச வேண்டாம். யார் கொடுத்தது என்று கேட்டால் சொல்லாதீர்கள். நீங்கள் யார் என்று கேட்டால், பஸ்ஸுக்கு நின்றேன் என்று சொல்லுங்கள். அது உண்மைதானே.